பானையும் பங்குச் சீட்டும்

"வாரியம்" என்ற சொல் இல்லாமல் இன்று நமக்குப் பொழுது விடிவதில்லை. வீடு வேண்டுமானால் வீட்டு வசதி வாரியம், தண்ணீர் வராவிட்டால் குடிநீர் வாரியம், பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரித்தால் இயக்குநர் வாரியம். இங்கிலீஷ்காரன் "போர்டு" என்று சொன்னதற்கு நாம் சூட்டிக்கொண்ட பெயர் இது. ஆனால் அந்தப் பெயர், இங்கிலீஷ்காரன் கப்பல் ஏறி நம் கரைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் ஊர்க் கற்களில் ஏறிவிட்டது. அந்தக் கற்களுள் கீர்த்தி மிக்கவை உத்திரமேரூரில் இருக்கின்றன.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைப் பற்றிப் பேசுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட ஒப்பித்துவிடுவார்கள். கொஞ்சம் படித்தவர்கள் உடனே கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். எனக்கு அந்த ஒப்பீட்டில் ருசி இல்லை. ஏதென்ஸுக்கும் உத்திரமேரூருக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இருந்ததில்லை. லண்டன் மாநகரில் லெடன்ஹால் தெருவில் இருந்த ஒரு வியாபார ஸ்தாபனத்துக்கும் இந்த ஊருக்கும்தான் மெய்யான சம்பந்தம் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியைச் சொல்கிறேன். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, 1763-ல் செங்கற்பட்டு ஜாகீரைக் கும்பினிக்குக் கொடுத்தார். கற்களில் வாரியம் எழுதி வைத்த சீமை, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு "போர்டு"க்குச் சொத்தாயிற்று. இரண்டு நாட்டார் காரியம் பார்க்கும் முறைகளை ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய. வழியெல்லாம் நெல் வயல், இடையிடையே ஏரிக்கரை. கல்வெட்டுகள் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கடைத்தெருவை ஒட்டினாற்போலவே இருக்கிறது. கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பழைய சபா மண்டபத்தின் மேல் பிற்காலத்தில் சந்நிதி எழுப்பியிருக்கிறார்கள். சுவர் நிறைய எழுத்து. பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919-ல், ஒரு விதி. இரண்டே வருஷம் கழித்து 921-ல் இன்னொரு விதி. முதல் விதியில் ஏதோ ஓட்டை இருந்திருக்கிறது; அதில் யாரோ புகுந்திருக்கிறார்கள்! துஷ்டர்கள் அழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று இரண்டாவது விதியே காரணம் சொல்கிறது. அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருக்க, சபையார் எழுதிக்கொண்டது அது. கல்லில் வெட்டியதை இரண்டு வருஷத்தில் மாற்றத் துணிந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியுள்ளவர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். பெரியவர்களும் சிறியவர்களுமாகச் சபை கூடியிருக்கும். கோயில் நம்பிமார் எவரும் வராமல் இருக்கக் கூடாது. அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். இந்த ஐந்து விரல் சமாசாரத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. விரல் இடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்திருந்த ஆசாமி ஒருவன் என்றைக்கோ அகப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி யாருக்குத் தோன்றும்?

இவ்விதம் வந்தவர்களிலிருந்து ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு. பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்பவையும் உண்டு. பதவி 360 நாள். குடத்தில் பெயர் ஏற, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் படிப்பு வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியம் பார்த்திருக்கக் கூடாது. இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரியை மட்டும் மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

விதிகளில் என்னை உலுக்கியது கணக்கைப் பற்றிய பகுதி. வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்தில் விழாது. அதோடு விட்டார்களா? அவனுடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாயுடன் பிறந்தவர், தகப்பனுடன் பிறந்தவர், மனைவியின் சகோதரன், சகோதரியின் புருஷன், சகோதரியின் பிள்ளைகள், மாப்பிள்ளை, தகப்பன், மகன் ஆகிய எவர் பெயரும் விழாது! ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய உறவு முறை அத்தனையும் அங்கே வரிசையாக நிற்கிறது. பணத்தை விழுங்கியவன் ஒருவன். ஊருக்கு முன்னால் தலைகுனிபவர்கள் ஒரு கோத்திரமே. அந்தக் காலத்து வீடுகளில் கணக்கு முடிக்கும் மாதம் வந்தால் மாமியார் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை எப்படித் துளைத்திருப்பார்கள் என்பதை நாவல் எழுதுகிற எவனும் நொடியில் கற்பனை செய்துவிடலாம்.

கணக்கெழுதுகிறவனுக்கும் தனியாக விதி உண்டு. தன் காலத்துக் கணக்கைப் பெருமக்கள் முன் வைத்துச் சுத்தமானவன் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடியும் அந்த வேலை. எழுதியவனே வந்து காட்ட வேண்டும். வேறு கணக்கனை அழைத்து வந்து முடித்துவைக்கக் கூடாது. தங்கத்தை உரைத்துப் பார்ப்பவர்களையும் விட்டுவைக்கவில்லை. மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் என்று இன்னின்னார் நடுவிலிருந்து அவர்களை எடுக்க வேண்டும். ஏழை பணக்காரன் என்று பாராமல் எல்லோருக்கும் பொன் பார்க்க வேண்டும். உரைகல்லில் ஒட்டிய பொன்னை ஒற்றியெடுத்த மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மெழுகில் ஒட்டிய பொன் எவ்வளவு இருக்கும்? அதுகூட ஏரிக்குத்தான்.

இனி லெடன்ஹால் தெருவுக்குப் போவோம். 1600-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி எலிசபெத் ராணி கொடுத்த சாசனத்தால் பிறந்தது கும்பினி. தாமஸ் ஸ்மித் என்பவர் முதல் கவர்னர். அவருக்குக் கீழே 24 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் "கமிட்டி" என்று பெயர். நம் ஊரில் வாரியம் என்றால் குழு. அவர்கள் ஊரில் அன்று கமிட்டி என்றால் ஆள்! பிற்பாடு அவர்களே டைரக்டர்கள் ஆனார்கள். வருஷா வருஷம் தேர்தல்.

யார் ஓட்டுப் போடலாம்? பதினெட்டாம் நூற்றாண்டில் 500 பவுன் பங்கு வைத்திருந்தவருக்கு ஓர் ஓட்டு; டைரக்டராக 2,000 பவுன் வேண்டும். வயது, படிப்பு, வீடு, குலம் ஒன்றும் கேட்பதில்லை. பங்கு வைத்திருந்த பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், ஹாலந்துக்காரர்களும் போட்டார்கள். பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட உரிமையில்லாத ஒரு விதவை, கும்பினியின் டைரக்டரை ஆக்கவும் நீக்கவும் முடிந்தது. நம் குடத்துக்கு இந்த தாராளம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். பணத்துக்கு ஜாதி இல்லை என்பது பொய்யல்ல.

ஆனால் பணத்துக்கு உறவும் இல்லையே! கும்பினி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அந்த ஆளுக்கு அத்தை இல்லை, மாமன் இல்லை, மாப்பிள்ளை இல்லை. நஷ்டம் வந்தால் பங்குக்காரனுக்குப் போட்ட பணம் போகும். வீட்டு வாசலை நஷ்டம் மிதிக்காது. முன்பின் தெரியாத நூறு பேர் பணத்தை ஒன்று சேர்த்துப் பூமியின் மறுகோடிக்குக் கப்பல் அனுப்ப முடிந்ததற்கு இதுவே காரணம். கூடப்பிறந்தவன் செய்த தப்புக்குத் தன் பெயர் கெடும் என்றால் எவன் அந்நியனோடு கூட்டுச் சேருவான்? உத்திரமேரூரில் ஒருவரையொருவர் தெரிந்திருந்ததால் கணக்கு நின்றது. லண்டனில் யாரும் யாரையும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாததால் வியாபாரம் பெருகிற்று.

உறவு அங்கே வேறு வாசல் வழியாக நுழைந்தது. இந்தியாவில் ரைட்டர் உத்தியோகத்துக்கும் படை உத்தியோகத்துக்கும் பையன்களை நியமிக்கும் அதிகாரம் டைரக்டர்கள் கையில். பிள்ளை, மருமான், சிநேகிதன் மகன் என்று கப்பல் ஏறினார்கள். இங்கே ஒருவன் செய்த குற்றத்துக்காக உறவினர்களை வெளியே நிறுத்தினார்கள். அங்கே ஒருவன் பெற்ற பதவிக்காக உறவினர்களை உள்ளே விட்டார்கள். வந்த ரைட்டர் பையனுக்குச் சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். மீதிக்கு அவனே சொந்த வியாபாரம் செய்து பிழைத்துக்கொள்ளலாம். மெழுகில் ஒட்டிய பொன்னைக் கூட ஊருக்கு எடுத்துவைத்த வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம், காஞ்சிபுரத்துக்கும் லண்டனுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

ஓட்டை விஷயத்துக்கு வருகிறேன். விரல் இடுக்கில் ஓலை ஒளிப்பது போன்ற தந்திரம் அங்கும் உண்டு. ஒரு பெரிய பங்கை ஐந்நூறு ஐந்நூறாகக் கிழித்து, வேண்டியவர்கள் பெயரில் தற்காலிகமாக எழுதிவைத்து, ஓட்டு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது! 1763 தேர்தலில் ராபர்ட் கிளைவ், லாரன்ஸ் சலிவன் என்ற டைரக்டரைக் கவிழ்க்கச் சுமார் ஒரு லட்சம் பவுன் இப்படி இறைத்தார்; அப்படியும் தோற்றார். அடுத்த வருஷம் ஜெயித்தார். வங்காளத்தில் சேர்த்த பணம் லண்டனில் ஓட்டாக மாறியது. செங்கற்பட்டு ஜாகீர் கைமாறியதும் அதே 1763-ல் என்பதை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

பராந்தகனின் சபை இரண்டு வருஷத்தில் விதியைத் திருத்தியது. லண்டனில் 1773-ல் பார்லிமெண்டு தலையிட வேண்டியிருந்தது. ஓட்டுக்கு 1,000 பவுன் பங்கு, அதுவும் ஒரு வருஷம் கையில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். டைரக்டர் பதவி நான்கு வருஷம். வருஷம் ஆறு பேர் விலக வேண்டும். விலகியவர்கள் ஒரு வருஷம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். அதே ஆட்கள், முறைபோட்டு! மூன்று வருஷம் விலகியிரு என்பதோடு, அடுத்தவன் யாரென்று ஒரு சிறுவனின் கை தீர்மானிக்கட்டும் என்ற உத்திரமேரூர் ஏற்பாட்டில் இந்த வித்தை பலித்திருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டு முறைகளும் நம் மண்ணில் சந்தித்தபோது என்ன ஆயிற்று? நடுவில் நின்றவன் துபாஷி. இந்த ஊர் உறவையும் அந்த ஊர்க் காகிதத்தையும் ஒருங்கே ஆளத் தெரிந்தவன். சென்னையில் ஹாலண்ட் என்ற கவர்னருக்குத் துபாஷியாயிருந்த அவதானம் பாப்பையா, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேல் பொய்க் குற்றம் ஜோடித்ததாக 1792-ல் தண்டனை பெற்றார். சர் வால்டர் ஸ்காட் தம் நாவல் ஒன்றில் அவரை ஒரு பாத்திரமாக்கிவிட்டார். சென்னைச் சூளையில் ஒரு தெருவுக்கு இன்னும் அவர் பெயர். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த பால் பென்பீல்டு போன்ற கும்பினி உத்தியோகஸ்தர்களோ, பார்லிமெண்டிலேயே ஆசனம் பிடித்தார்கள். எட்மண்ட் பர்க் 1785-ல் அந்த ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி எழுந்து பேசியும் கடன்காரர்களுக்குப் பணம் கிடைத்தது.

ஹைதர் அலியின் 1780-ஆம் வருஷத்துப் படையெடுப்பில் ஜாகீர் பாழாயிற்று. குடிகள் ஓடிவிட்டார்கள், ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் துரை சும்மா இருக்கிற பிரகிருதி அல்ல. ஏரிகளைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரி உடையும் தறுவாயில் இராமனும் இலட்சுமணனும் கரையில் நின்று காத்ததை அவர் கண்டார் என்று அந்த ஊரார் சொல்வதும், ஏரி காத்த இராமர் என்று பெருமாளுக்குப் பெயர் வந்ததும் பலரும் அறிந்த கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வருஷத்துக்கு ஆறு பேர், குடத்தில் வந்தவர்கள், கணக்குக் காட்டாவிட்டால் உறவே தலைகுனியும் என்று பார்த்த வேலையை, இப்போது ஒரு துரை பார்க்கிறார். அவர் கணக்குக் காட்ட வேண்டியது சென்னைக்கு, சென்னை லண்டனுக்கு. ஏரித் தண்ணீர் குடிக்கிறவனுக்கு அல்ல. பிளேஸ் 1798-ல் போய்விட்டார். 1802-ல் ஜாகீரை மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள்.

கும்பினியின் ஆட்சி 1858-ல் முடிந்தது. கும்பினியே 1874-ல் கலைந்தது. லெடன்ஹால் தெருவிலிருந்த மாளிகையை 1861-ல் இடித்துவிட்டார்கள். இன்று அந்த மனையில் நிற்பது லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் நிலையத்தின் கட்டடம். அந்த நிலையத்தில் பெயர் பதிந்துகொண்டவர்கள், நஷ்டம் வந்தால் கடைசிச் சட்டைப் பொத்தான் வரை சொந்த ஆஸ்தியைக் கொடுத்து ஈடுகட்டுவதாக நெடுங்காலம் கையெழுத்துப் போட்டார்கள். 1990-களில் நஷ்டம் வந்தபோது பலர் வீட்டை விற்றார்கள்.