சாட்ஸ்வொர்த் மாளிகையும் ஒருநாள் பார்வையாளரும்: சலுகையிலிருந்து கட்டணத்திற்கு

முன்னுரை

இங்கிலாந்தின் பெருமாளிகைகளைக் காணப் பொதுமக்கள் ஒருநாள் பயணம் செல்வது, இருபதாம் நூற்றாண்டின் வரிச்சுமையால் தோன்றிய வழக்கம் எனக் கருதப்படுவதுண்டு. டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் அமைந்த சாட்ஸ்வொர்த்தின் வரலாறு இக்கருத்துக்கு மாறானது. பார்வையாளர் வருகை பழைமையானது. யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே மாறியது. இம்மாற்றத்தை மூன்று கட்டங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது.

கனவான்களின் வருகை

1549இல் கேவண்டிஷ் குடும்பம் வாங்கிய இந்நிலத்தில், 1687 முதல் இன்றைய மாளிகை உருப்பெறத் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் மதிப்பிற்குரியவராகத் தோன்றிய பயணியர்க்கு இத்தகைய மாளிகைகளின் கதவுகள் திறந்தன. பணிப்பெண்களின் தலைவி அறைகளைச் சுற்றிக் காட்டுவார். வந்தவர்கள் அவருக்கு அன்பளிப்பு வழங்குவர். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலில் எலிசபெத் பெம்பர்லி மாளிகையைக் காணும் பகுதி இவ்வழக்கத்தின் இலக்கியப் பதிவாகும்.

ரயில் கொணர்ந்த மக்கள்

ஆறாம் டெவன்ஷயர் கோமகன் காலத்தில் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் பெரும் கண்ணாடிப் பசுங்குடிலையும், 1844இல் பேரரசர் நீரூற்றையும் அமைத்தார். எவர் வந்தாலும் நீரூற்றுகளை இயக்கிக் காட்டுமாறு கோமகன் ஆணையிட்டிருந்தார். 1849இல் சுமார் மூன்று மைல் தொலைவிலுள்ள ரவுஸ்லிக்கு ரயில் வந்தது. அக்கோடையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் வந்தனர்.

இத்தாராளத்திற்கு மறுபக்கமும் உண்டு. மாளிகையின் பார்வையில் படாதவாறு ஈடன்சர் சிற்றூர் இடம் மாற்றப்பட்டதும் இதே கோமகன் காலத்திலேயாகும். ஒருநாள் வந்து மீள்பவரை வரவேற்ற நிலவுடைமை, அங்கேயே வாழ்ந்த குடிகளின் வீடுகளைக் காட்சியிலிருந்து அகற்றியது. இரண்டுமே உடைமையாளரின் விருப்பத்தால் நிகழ்ந்தவை. எனவே இக்கட்டத்தில் வருகை என்பது உரிமையன்று, சலுகையே.

வரியும் கட்டணமும்

இரண்டாம் உலகப்போரின்போது பெண்கள் பள்ளியாகப் பயன்பட்ட மாளிகை 1949இல் மீண்டும் பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டது. 1950இல் பத்தாம் கோமகன் மறைந்தபோது சொத்தின் மீது 80 விழுக்காடு மரண வரி விதிக்கப்பட்டது. நிலங்களும் கலைப்பொருட்களும் கைமாறின. ஹார்ட்விக் மாளிகை வரிக்கு ஈடாக அரசிடம் சென்று, 1959இல் நேஷனல் டிரஸ்டை அடைந்தது. சாட்ஸ்வொர்த்தைப் பேண 1981இல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் பராமரிப்புக்குப் பார்வையாளரின் நுழைவுக் கட்டணம் இன்றியமையாததாயிற்று.

முடிவுரை

மரண வரி பார்வையாளரை உருவாக்கவில்லை; அவருக்கும் மாளிகைக்கும் இடையிலான உறவையே தலைகீழாக்கியது. 1849இல் வந்தவர் கோமகனின் தயவுக்குக் கடமைப்பட்டிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ மாளிகையே தன் இருப்புக்கு அவரைச் சார்ந்து நின்றது. எனினும் நுழைவுச்சீட்டு பார்க்கும் உரிமையை அளித்ததேயன்றி, எதைக் காட்டுவது, எதை மறைப்பது எனத் தீர்மானிக்கும் உரிமையை அளிக்கவில்லை. ஆகவே, மாளிகைச் சுற்றுலாவின் வரலாற்றை எழுதுவோர் திறந்த கதவோடு இடம் மாறிய ஈடன்சரையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.