ஒயினில் வெந்த முட்டையும் நம்மூர் மிளகும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில ஒயினில் முட்டை வேக வைத்தேன். அம்மாவிடம் போனில் சொன்னதும், "காலங்காத்தால சாராயத்துல முட்டையா? வெளங்கிரும்!" என்றார். அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் வரலாறு தேடினேன். :-)

அயிட்டத்தின் பெயர் 'எஃப் ஆன் மூரெட்'. நான் படிக்கும் பர்கண்டிப் பக்கத்துச் சமையல். சிவப்பு ஒயினில் வெங்காயம், காளான், பன்றிக்கொழுப்பு எல்லாம் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஓடு நீக்கி வேக வைத்த முட்டையை அதில் மிதக்க விட்டு, பூண்டு தேய்த்த ரொட்டியோடு தின்பது. முட்டையை நேராக ஒயினிலேயே உடைத்து ஊற்றினால் அதன் புளிப்பில் வெள்ளைக்கரு சீக்கிரம் இறுகும். ஆனா நிறம் இருக்கே, காயம்பட்ட இடம் கன்றிப்போன மாதிரி ஊதா!

பிரெஞ்சுக்காரர்கள் இதைக் காலையில் தின்பதில்லை. அவர்களுக்குக் காலையில் ரொட்டியும் காப்பியும்தான். காலையில் ஒயின் என்பது அதைவிடப் பழைய கதை. பண்டைய கிரேக்கர்களின் காலை உணவுக்கு 'அக்ராடிஸ்மா' என்று பெயர். 'அக்ராடோஸ்' என்றால் கலக்காதது. மற்ற நேரங்களில் தண்ணீர் கலந்து குடித்தவர்கள், காலையில் மட்டும் தண்ணீர் கலக்காத ஒயினில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றிருக்கிறார்கள். இடைக்கால இங்கிலாந்தில் ஒயினையோ ஏலையோ சூடாக்கி மஞ்சள்கரு விட்டுக் கெட்டியாக்கி 'காடில்' என்று குடித்தார்கள். நோயாளிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதுதான் பத்தியம். 17ஆம் நூற்றாண்டில் காப்பியும் டீயும் வந்த பிறகுதான் காலை நேரம் மெல்ல மெல்ல ஒயினை விட்டது. பிரான்சில் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி உணவகத்தில் மது தரக்கூடாது என்று உத்தரவு வந்ததே 1956இல்தான்! இங்கே ஒயின் என்பது ரொட்டி மாதிரி ஒரு சாப்பாட்டுப் பொருளாகவே இருந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'அபிசியஸ்' என்ற ரோமானியச் சமையல் தொகுப்புதான். பொரித்த முட்டைக்கு அதில் சொல்லியிருப்பது ஒயினும் மீன்சாறும் கலந்த கலவை. அவித்த முட்டைக்கு மீன்சாறு, எண்ணெய், ஒயின். இல்லாவிட்டால் மீன்சாறு, மிளகு, 'லேசர்' என்ற பிசின். பழைய லேசர் தந்த செடி அழிந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தது சாட்சாத் நம்ம பெருங்காயம்! மிளகு எங்கிருந்து போச்சு? சேர நாட்டு முசிறியிலிருந்து. அதை வாங்க வந்த கப்பல்களில்தான் ஒயின் சாடிகளும் வந்தன. 1945இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது அந்தச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றி 56ஆம் புறநானூற்றுப் பாட்டிலும் வருகிறது. "முட்டைக்கு மிளகு குடுத்ததே நாமதாம்மா" என்றேன். "மிளகு குடுத்தா மிளகோட நிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

சரி, இனி உறுத்துகிற விஷயம். என் அறைத்தோழன் மது தொடாதவன். "இதுல ஆல்கஹால் இருக்காதுல்ல?" என்று கேட்டான். "கொதிச்சா எல்லாம் ஆவியாயிடும்டா" என்றேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? பன்றிக்கொழுப்பு போடாமல் அவனுக்கென்று தனியாகவே செய்தேன். நம்பிச் சாப்பிட்டான். மறுநாள் இதற்காகப் படிக்கும்போதுதான் அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணை கண்ணில் பட்டது. 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்துக்கு 25, இரண்டரை மணி நேரம் கழித்தும் 5. நான் கொதிக்க விட்டது அரை மணி நேரம். அட்டவணைப்படி 35 சதவீதம்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றான், அவ்வளவுதான்.

இந்த ஞாயிறு சமையல் அவனுடையது. தக்காளித் தொக்கில் முட்டையாம். மிளகு நான் இடித்துத் தர வேண்டுமாம்.