ஆல்பர்ட் பிங்கம் ரைடர்

ஆல்பர்ட் பிங்கம் ரைடர் (19 மார்ச் 1847 – 28 மார்ச் 1917) அமெரிக்க ஓவியர். நிலவொளியில் அலையும் கடல், தனியே மிதக்கும் படகு, முறுக்கிய மரங்கள், பழங்கதை மாந்தர் ஆகியவற்றைச் சிறிய அளவிலான எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டியவர். இயற்கையை எதிரில் வைத்துப் படியெடுக்காமல், பார்த்தது மனத்தில் ஊறித் தெளியும்வரை காத்திருந்து, ஒரே படத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். அந்தக் காத்திருப்பால் உயர்ந்த அதே படங்கள் அதனாலேயே சிதைந்தும் வருகின்றன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு நகரில் பிறந்தார். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திமிங்கில வேட்டைக்கு உலகிலேயே பெயர்பெற்ற துறைமுகம் அது. நான்கு மகன்களில் இவர் இளையவர். அம்மை குத்தியதன் விளைவாகச் சிறுவயதில் கண்பார்வை பழுதுபட்டது என்றும், அதனால் படிப்பு பாதியில் நின்றது என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அம்மை குத்தியதுதான் காரணமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இளமைக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் பதிவுகள் குறைவு.

1860-களின் இறுதியிலோ 1870-ஐ ஒட்டியோ குடும்பம் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தது. உருவப்பட ஓவியரும் செதுக்கோவியருமான வில்லியம் எட்கர் மார்ஷலிடம் சிறிது காலமும், தேசிய ஓவியக் கழகத்தின் பள்ளியில் சில ஆண்டுகளும் பயின்றார். 1873-இல் அக்கழகத்தின் கண்காட்சியில் முதல்முறையாக இவர் படம் இடம்பெற்றது. 1877-இல் இளம் ஓவியர்கள் தொடங்கிய அமெரிக்க ஓவியர் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களுள் இவரும் ஒருவர். ஓவிய வணிகர் டேனியல் காட்டியர் இவரை ஆதரித்தார். அவருக்காகப் பொன்முலாம் பூசிய தோலில் அலங்காரப் பலகைகளும் தீட்டிக் கொடுத்தார். மாடுகளும் குதிரைகளும் பொன்னிற அந்தியில் மேயும் நாட்டுப்புறக் காட்சிகள் இக்காலத்தவை.

தாம் ஓவியரான விதம் குறித்து ரைடர் சொன்னவை 1905-இல் ஓர் இதழில் வெளிவந்தன. நேர்காணலாகத் தொகுக்கப்பட்டவை என்பதால் சொற்கள் முழுதும் இவருடையவைதானா என்று ஐயுறுவோர் உண்டு. தொடக்கத்தில் இலை, கிளை என ஒவ்வொன்றையும் உள்ளபடி வரைய முயன்று தோற்றதாகவும், ஒருநாள் வயல்வெளியில் வானம், மரத்திரள், மண் ஆகிய மூன்றும் ஒளியில் தோய்ந்த மூன்று பெரும் திரள்களாகக் கண்ணில் பட்டதாகவும், உடனே சிறு தூரிகைகளை எறிந்துவிட்டு வண்ணத்தைத் தகட்டுக் கத்தியால் அள்ளிப் பூசியதாகவும் அதில் உள்ளது. இலையின் நுனியில் தொற்றிக்கொண்டு, அடுத்த பிடி எங்கே என்று வெறுங்காற்றில் துழாவும் புழுவோடு தம்மை ஒப்பிட்டதும் உண்டு.

1880 முதல் 1900 வரையிலான ஆண்டுகளே இவருடைய உச்சம்.  1882-இல் காட்டியருடன் ஐரோப்பா சென்று பழைய ஓவியங்களைப் பார்த்து வந்தார். 1887, 1896 ஆகிய ஆண்டுகளின் பயணங்கள் வேறு வகை. நண்பர் ஜான் ராபின்சன் தலைமை மாலுமியாக இருந்த கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன் போனார். ஊர் பார்ப்பதைவிடக் கடல் பார்ப்பதே நோக்கம். நிலாக் காலத்தில் இரவெல்லாம் மேல்தளத்தில் நின்றிருப்பார் என்று ராபின்சன் எழுதியுள்ளார். நியூயார்க்கில் இருக்கும்போதும் இரவு நடை இவருடைய வழக்கம். ‘நிலவொளிக் கடல்’, ‘கடலில் உழைப்போர்’ போன்ற படங்களில் படகு ஒரு கருந்திட்டு, மேகம் இன்னொரு கருந்திட்டு. இரண்டுக்கும் இடையே ஒளி கசிகிறது. அவற்றில் எந்தக் கரை, எந்தத் துறை என்று அடையாளம் காண வழியில்லை.

விவிலியத்தின் யோனா கதையைத் தீட்டிய படத்தில் திமிங்கிலமும் படகும் மனிதர்களும் ஒரே கொந்தளிப்பில் கரைந்திருக்க, மேலே இறைவன் கையில் உருண்டையோடு தோன்றுகிறார். அந்தக் கொதிக்கும் நீரைத் தீட்டும் பரவசத்தை 1885-இல் தம் புரவலர் தாமஸ் கிளார்க்குக்குக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். சாபம் பெற்ற டச்சு மாலுமியின் பேய்க்கப்பலைக் காட்டும் படமும் இக்காலத்தது. வாக்னரின் இசைநாடகம் பார்த்துவிட்டு வந்து, உணவும் உறக்கமும் இன்றி 48 மணி நேரம் ‘சீக்ஃப்ரீடும் ரைன் நதிக் கன்னியரும்’ ஓவியத்தில் ஈடுபட்டதாக இவரே கூறியதுண்டு. ஆனால் படம் அத்தோடு முடியவில்லை. 1888-இல் தொடங்கியது 1891 வரை நீண்டது. ‘பந்தயத் திடல்’ ஓவியத்தின் பின்னணி துயரமானது. இவருடைய அண்ணன் நடத்திய விடுதியில் பணிபுரிந்த பரிமாறுநர் ஒருவர், 1888-இல் புரூக்ளின் பந்தயத்தில் ஹானோவர் என்ற குதிரைமீது தம் சேமிப்பான 500 டாலரைக் கட்டித் தோற்று, தற்கொலை செய்துகொண்டார். ஆளற்ற திடலில் வெளிறிய குதிரைமீது அரிவாள் ஏந்தி விரையும் எலும்புக்கூட்டையும், முன்புறத்தில் நெளியும் பாம்பையும் ரைடர் வரைந்தார். படத்தில் இருப்பது பகலா இரவா என்று இன்றும் சொல்ல முடிவதில்லை.

இப்பெரும் படங்களுக்கு நடுவே ‘இறந்த பறவை’யைத் தவறவிடலாகாது. ஏறத்தாழ 11 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகை. மஞ்சள் கலந்த சிறு பறவை ஒன்று சாய்ந்து கிடக்கிறது. கால் நகங்கள் உள்நோக்கி மடங்கியுள்ளன. கதையும் இல்லை, நிலவும் இல்லை. இறகுகளின் மெத்தெனவு தெரியும்படி வண்ணம் தடித்து நிற்கிறது. ரைடர் இயற்கையை எவ்வளவு கூர்ந்து பார்த்தவர் என்பதற்கு இந்த ஒரு பலகை போதும்.

இவருடைய செய்முறை எண்ணெய் வண்ணத்தின் அடிப்படை விதிக்கே மாறானது. கீழ்ப்பூச்சு காயும் முன்பே அதன்மேல் வார்னிஷும், அதன்மேல் மீண்டும் வண்ணமும் பூசினார். மெழுகு, மெழுகுவர்த்திக் கொழுப்பு, எளிதில் உலராத நிலக்கீல் எனக் கைக்குக் கிடைத்தவற்றையும் சேர்த்ததாகச் சொல்வர். இவ்வாறு அடுக்கியதால் உள்ளிருந்து மின்னும் எனாமல் போன்ற ஆழம் கிடைத்தது. மேலடுக்கு இறுகிய பின்னும் உள்ளடுக்கு நெகிழ்ந்தே இருந்ததால் பரப்பு வெடித்தது, சுருங்கியது, கறுத்தது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘கர்ஃபியூ மணி நேரம்’ பெரிதும் சிதைந்துவிட்டது. விருந்தினர் வந்தால் ஈரத்துணியால் படத்தைத் துடைத்து நிறங்களை எழுப்பிக் காட்டுவார் என்று நண்பர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். இன்று நாம் காணும் இருளில் எவ்வளவு இவர் நினைத்தது, எவ்வளவு காலமும் பழுதுபார்த்தவர்களும் சேர்த்தது என்பது ஆய்வாளர்களிடையே தொடரும் விவாதம்.

நியூயார்க்கின் மேற்கு 15-ஆம் தெருவில் இவர் வாழ்ந்த இரு அறைகளில் செய்தித்தாளும் சாம்பலும் தகர டப்பாக்களும் குவிந்து, நடக்க ஒற்றையடிப் பாதையே மிஞ்சியிருந்தது. அந்த அறைகளின் இரண்டு சாளரங்களை மட்டும் அரண்மனைக்கும் ஈடாகத் தரமாட்டேன் என்றார். அவற்றின் வழியே பழந்தோட்டத்து மரக்கிளைகள் உள்ளே நீண்டு, இலைநிழலைத் தரையில் பரப்பின. இவரை உலகைத் துறந்த தனியர் என்று வருணிப்பது வழக்கம். ஓவியர் ஆல்டன் வியர் உள்ளிட்ட நண்பர் வட்டத்தை நோக்கினால் அது சற்று மிகையான சித்திரமாகவே தோன்றுகிறது.

1900-க்குப் பின் புதிய படைப்புகள் அருகின. பழைய படங்களையே திருத்திக்கொண்டிருந்தார். 1906-இல் தேசிய ஓவியக் கழகத்தின் முழு உறுப்பினரானார். 1913-இல் நியூயார்க்கின் ஆர்மரி கண்காட்சியில் ஐரோப்பிய நவீன ஓவியங்களோடு இவர் படங்களும் வைக்கப்பட்டன. 1915-இல் நோயுற்று, எல்ம்ஹர்ஸ்டில் நண்பர்களின் பராமரிப்பில் இருந்து, 1917-இல் அங்கேயே மறைந்தார். அடுத்த ஆண்டு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சி நடத்தியது. 1909-இல் இவரைச் சந்தித்த ஓவியர் மார்ஸ்டன் ஹார்ட்லி, ரைடரைப் பெரிதும் போற்றியவர். தம்மை ஈர்க்கும் ஒரே அமெரிக்க மேதை ரைடர்தான் என்று ஓவியர் ஜாக்சன் போலக் 1944-இல் கூறினார்.

புகழ் பரவியதும் போலிகளும் பெருகின. ரைடர் பெரும்பாலும் தேதியிடாதவர், கையெழுத்திடுவதிலும் ஒழுங்கு காட்டாதவர். உண்மையான படைப்புகள் இருநூறைத் தாண்டா என்றும், போலிகள் ஆயிரத்துக்கும் மேல் என்றும் பொதுவாக மதிப்பிடுவர். எண்ணிக்கை ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது. கலை வரலாற்றாசிரியர் லாயிட் குட்ரிச் எக்ஸ்ரே துணையுடன் இவற்றைப் பிரித்தறியும் பணியில் பல பத்தாண்டுகள் ஈடுபட்டார். ஆண்டுக்கணக்கில் அடுக்கிய வண்ணத்தின் உட்பரப்பைப் போலி செய்வோரால் உருவாக்க முடியவில்லை. அசலைக் காட்டிக்கொடுத்தது அதுவே.

1990-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் விரிவான கண்காட்சி நடத்தியது. கலைச் சேகரிப்பாளர் ஜான் கெலட்லி 1929-இல் வழங்கிய கொடையால் ரைடர் ஓவியங்களின் மிகப் பெரிய தொகுப்பு அங்கேயே உள்ளது. 2021-இல் அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துடன் இணைந்து, நியூ பெட்ஃபோர்டின் திமிங்கில வேட்டை அருங்காட்சியகம் இவருடைய ஓவியங்களைப் பிறந்த ஊரில் காட்சிக்கு வைத்தது. இவர் அடக்கம் செய்யப்பட்டதும் அவ்வூரில்தான்.