பல் பிடுங்கியபின் வீட்டில் தேறுதல்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரே நாளில் பல பற்களை அகற்றிக்கொள்பவர் மருத்துவரின் நாற்காலியில் இருப்பது சிறிது நேரமே. புண் ஆறுவது வீட்டில்தான். ஆனால் பல் மருத்துவ வரலாறு நாற்காலியில் நடந்ததையே விரிவாகப் பேசுகிறது. மயக்கம் கொடுத்து வலியின்றிப் பல் பிடுங்கக் கற்றுக்கொண்டு அரை நூற்றாண்டு ஆன பிறகே, வீடு திரும்பியவருக்கு மூன்றாம் நாள் வரும் வலிக்குத் தனிப் பெயர் கிடைத்தது. அதன் காரணம் விளங்க மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

சந்தையிலிருந்து மருத்துவத்துக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் போன் நெஃப் பாலத்தில், 'பெரிய தோமா' என்று பெயர் பெற்றவர் கூட்டத்தின் நடுவே பல் பிடுங்கிவந்தார். இத்தகையோருக்குப் பிடுங்குவதோடு வேலை முடிந்தது. மறுநாள் அந்த நோயாளி எப்படி இருந்தார் என்பது அவர்கள் கவலையன்று.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1728இல், பியர் ஃபோஷார் என்னும் பாரிஸ் மருத்துவர் பல் அறுவை பற்றி இரு தொகுதிகளில் நூல் வெளியிட்டார். தரையில் அமர்த்தாமல் நாற்காலியில் அமர்த்திப் பல் எடுக்க வேண்டும் என்றார். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கையையும் ஏற்க மறுத்தார். சுசுருத சம்ஹிதை 'கிருமிதந்தம்' என்று பெயரிட்ட அந்த நம்பிக்கை, 'பூச்சிப்பல்' என்ற பேச்சுவழக்கில் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

வலி அடங்கிய காலம்

அமெரிக்காவில் 1844இல் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து தம் பல்லையே எடுக்கச் செய்தார். 1846இல் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்துப் பல் பிடுங்கினார். 1884இல் கொக்கெயின் மரத்துப்போகச் செய்யும் மருந்தாயிற்று. இன்று ஊசியில் ஏற்றப்படும் லிக்னோகெயினை 1943இல் சுவீடனின் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார்.

வலி குறைந்ததால் பிடுங்குவது எளிதாயிற்று. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் உள்ள சீழ் உடலின் பிற நோய்களுக்குக் காரணம் என்று மான்ட்ரியலில் உரையாற்றினார். அதன் தாக்கத்தால் மேலை நாடுகளில் பலருக்கு மொத்தமாகப் பற்கள் அகற்றப்பட்டன. வாய் முழுவதும் புண்ணோடு வீடு சென்றவர்கள் பெருகினர். பிற்காலத்தில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

மூன்றாம் நாள் வலி

பல் இருந்த குழியில் இரத்தம் நிறைந்து உறைகிறது. அந்த உறைவே எலும்புக்கு மூடி. புதுத் திசு வளர அதுவே தளம். அது கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு வெளிப்பட்டு, இரண்டு முதல் நான்கு நாள்களில் காதுவரை பரவும் கடும் வலி வரும். 1896இல் ஜேம்ஸ் கிராஃபர்ட் இதற்கு 'உலர்குழி' என்று பொருள்படும் பெயரை இட்டார். உறைவு உடைந்து கரைவதே காரணம் என்று 1973இல் டென்மார்க்கின் பிர்ன் விளக்கினார். புகைபிடிப்போருக்கு இது அதிகம் நேர்கிறது.

சாரத்து வீடுகளில்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் ஆர். அகமது தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. இன்று புதுச்சேரி சாரம் பகுதியில் வசிப்பவருக்குக் கோரிமேட்டிலேயே அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் உண்டு. சிகிச்சை அருகில் வந்துவிட்டது. ஆனால் வீட்டார் அன்போடு செய்யும் சிலவே உறைவைக் கெடுக்கின்றன. உடனே சூடான உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்வதும், சூடாக மிளகு ரசம் கொடுப்பதும், இரத்தத்தைத் துப்பிக்கொண்டே இருக்கச் சொல்வதும் அவற்றுள் சில.

வைத்த பஞ்சை அரைமணி நேரத்துக்குமேல் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளித்தல், துப்புதல், உறிஞ்சுகுழாயில் குடித்தல் ஆகாது. கன்னத்தின்மேல் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். தலையணையை உயர்த்திப் படுக்கலாம். ஆறிய கஞ்சி, குழைந்த மோர்சாதம், ஆறிய கேழ்வரகுக்கூழ் ஏற்றவை. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்ல அலசலாம். புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஆறுவது தாமதமாகலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சலும் வீக்கமும் கூடினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிட்டாலோ, குறைந்த வலி மூன்றாம் நாள் மீண்டும் ஏறினாலோ உடனே மருத்துவரிடம் திரும்ப வேண்டும்.

ஈறு மூடச் சில வாரங்களும் எலும்பு நிரம்பப் பல மாதங்களும் ஆகும். தாடை வடிவம் மாறிக்கொண்டிருப்பதால், முதலில் வைத்த பல்செட் பின்னர் தளர்வது இயல்பு. அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது பழமொழி. பொறுமையோடு ஆறவிட்டுப் பல்செட் பழகியவருக்குச் சொல் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.