கடைசி முப்பது கஜம்

1976 ஜூலை. இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் ராயல் பர்க்டேல் மைதானம். பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள், கடைசிக் குழி. கோப்பை ஜானி மில்லருக்குத்தான் என்பது முடிவாகிவிட்டது. அவரோடு ஜோடியாக ஆடிய 19 வயது ஸ்பானியப் பையன் செவே பாயெஸ்டெரோஸுக்கு இரண்டாம் இடமாவது வேண்டும். அவன் பந்து கிரீனுக்கு வெளியே கிடக்கிறது. பந்துக்கும் கொடிக்கும் நடுவே இரண்டு பங்கர்கள், அதாவது மணல் பள்ளங்கள். அந்த வருடத்து வெயிலில் தரை காய்ந்து இறுகியிருந்தது.

பள்ளங்களுக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடுவதுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. ஆனால் அப்படி விழும் பந்து காய்ந்த கிரீனில் நிற்காது, ஓடிவிடும். பையன் இரண்டு பள்ளங்களுக்கும் இடையில் இருந்த ஒடுக்கமான சந்தைப் பார்த்தான். அது வழியாகப் பந்தைத் தரையோடு ஓட்டினான். அது மேடு பள்ளத்தில் தத்தித் தத்திப் போய்க் கொடியருகே நின்றது. அடுத்த அடியில் குழிக்குள். ஜாக் நிக்லஸோடு சேர்ந்து இரண்டாம் இடம்.

மில்லர் ஆறு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு அந்தச் சந்துக்குத்தான் போகிறது.

கோல்ஃப் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? பணக்காரர்கள், ஏக்கர் கணக்கில் புல்வெளி, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் ஓர் ஆள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்த விளையாட்டின் ஒரு பகுதி, கொடிக்கு முன்னால் உள்ள கடைசி முப்பது கஜம், பெரும்பாலும் அந்தப் பையைத் தூக்கியவர்களின் கையில் வளர்ந்தது. ஏன் என்று பார்க்க ஆட்டம் கொஞ்சம் புரிய வேண்டும்.

மொத்தம் 18 குழிகள். நல்ல ஆட்டக்காரருக்கான கணக்கு பெரும்பாலான மைதானங்களில் 72 அடி. அதில் 36 அடி, குழிக்கு இரண்டு வீதம், கிரீன் என்ற வழவழப்பான புல்தளத்தில் உருட்டுவதற்கு ஒதுக்கியது. குழியின் விட்டம் 4.25 அங்குலம். உலகின் தலைசிறந்தவர்கள்கூட 18-இல் ஐந்தாறு தடவை கிரீனைத் தவறவிடுவார்கள். பந்து பக்கத்துப் புல்லிலோ பங்கரிலோ கிடக்கும். அங்கிருந்து ஒரே அடியில் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அடுத்த அடியில் உள்ளே தள்ளிவிட்டால் சேதமில்லை. இல்லாவிட்டால் போச்சு.

கோலி ஆடியவர்களுக்கு இது உடனே விளங்கும். எறிவதா, உருட்டுவதா? தரையையும் தூரத்தையும் பார்த்துத்தானே விரலை மடக்குவோம். இங்கேயும் அதே கேள்விதான். பந்தைக் கொஞ்சமாக எழுப்பி மீதித் தூரம் ஓடவிடுவது சிப். உயரமாக எழுப்பி, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கவைப்பது பிட்ச். பங்கரிலோ மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்குப் பின்னால் மணலில் இறங்கும், மணல் பந்தை வெளியே தள்ளும். உருட்ட முடிந்தால் உருட்டு, முடியாவிட்டால் சிப், அதுவும் முடியாதபோதுதான் தூக்கு என்பது பாலபாடம். உருட்டுவதில் கை கொஞ்சம் பிசகினாலும் பந்து கொஞ்சம்தான் தள்ளிப் போகும். தூக்குவதில் பிசகினால் பந்து காலடியிலேயே கிடக்கும், அல்லது கிரீனைத் தாண்டிப் பறந்துவிடும்.

இன்னொரு விஷயம். டிரைவ் எனப்படும் முதல் அடியைப் பழக 250 கஜம் திறந்த நிலம் வேண்டும். சிப் பழக ஒரு கொல்லைப்புறம் போதும். ஒரு மட்டை, ஒரு பந்து, இருட்டும் வரை நேரம். இந்தக் கதை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

*

ஸ்காட்லாந்தில் இருந்து தொடங்கலாம். அங்கே கோல்ஃப் ஆடியது கடலோர மணல் தரையில். புல் குட்டை, தரை கெட்டி, காற்று ஓயாது. தூக்கிய பந்தைக் காற்று கொண்டுபோய்விடும். அதனால் ஓட்டம்தான் இயல்பான வழி. பந்தும் அப்படி. தோலுக்குள் அவித்த இறகைத் திணித்துத் தைத்த பந்து. ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குள் போகும் என்பார்கள். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். இரும்பு மட்டை பட்டால் தோல் கிழியும். எனவே கூடியவரை மர மட்டைதான்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்த இறகுப் பந்து செய்து பிழைத்தவர் ஆலன் ராபர்ட்சன். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்து வந்தது. விலை மலிவு, கிழியாது, நசுங்கினால் சுடுநீரில் போட்டு உருட்டிக்கொள்ளலாம். ராபர்ட்சனுக்கு வயிற்றெரிச்சல். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் அந்தப் பந்தில் ஆடினார் என்பதற்காக இருவருக்கும் சண்டை மூண்டு, மாரிஸ் பிரிந்துபோனார். கடைசியில் ராபர்ட்சனும் அந்தப் பந்துக்கே மாற வேண்டியிருந்தது. இரும்பு மட்டையால் பந்தைத் தாழ்வாகத் தட்டி கிரீனுக்குள் ஓடவிடும் முறையைப் பரப்பியவர் என்று அவரையே சொல்கிறார்கள்.

மாரிஸின் மகன் இளைய டாம் அதற்கு எதிர்த்திசையில் போனான். வண்டிச் சக்கரத் தடத்தில் மாட்டிய பந்தைத் தோண்டி எடுக்க ஒரு சின்னத் தலை இரும்பு மட்டை இருந்தது. அவன் அதை எடுத்து, நல்ல தரையில் கிடக்கும் பந்தையே உயரத் தூக்கி கிரீனில் நிற்கவைத்தான். 1868-இலிருந்து தொடர்ந்து நான்கு ஓப்பன் பட்டங்கள் (1871-இல் போட்டி நடக்கவில்லை). 1875 கிறிஸ்துமஸ் அன்று, 24 வயதில், இறந்துபோனான். உருட்டுவது, தூக்குவது என்ற இரண்டு கட்சிகளும் அந்த ஒரே ஊரில் பிறந்தவை.

*

அமெரிக்காவுக்குப் போனதும் தரை மாறியது. உள்நாட்டு மண், தண்ணீர் பாய்ச்சிய மெத்தென்ற கிரீன்கள், அவற்றைச் சுற்றி ஆழமான பங்கர்கள். ஓட்டிக்கொண்டு போக வழி அடைபட்டது. பங்கரில் விழுந்தால் பெரிய ஆட்டக்காரருக்கும் கை நடுங்கும். அப்போது இருந்த நிப்ளிக் என்ற மட்டையின் விளிம்பு கூர்மையானது. மணலில் வெட்டிக்கொண்டு இறங்கி அங்கேயே நின்றுவிடும்.

ஜீன் சாராசென் ஓர் இத்தாலியத் தச்சரின் மகன். இயற்பெயர் யுஜெனியோ சாராசெனி. அது வயலின்காரர் பெயர் மாதிரி இருக்கிறது என்று அவரே மாற்றிக்கொண்டார். சிறு வயதிலேயே கேடி வேலை. 1922-இல், 20 வயதில், யு.எஸ். ஓப்பன் வென்றார். பிறகு பத்து வருடம் பங்கர் அவரைப் படுத்தியெடுத்தது.

1931 குளிர்காலத்தில் அவர் ஃபுளோரிடாவில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வால் தாழ்கிறது, மூக்கு மேலே எழுகிறது. மட்டைக்கும் அப்படி ஒரு வால் இருந்தால்? நிப்ளிக்கின் அடிப்பாகத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி அரத்தால் தேய்த்தார். மணலில் அடித்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். கலப்பைக் கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கும், பரம்புப் பலகை மேலாகவே வழுக்கிப் போகும் இல்லையா, கொழுவைப் பரம்பாக்கிய வேலை அது.

1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு அந்த மட்டையோடு போனார். ஆனால் ஒரு பயம். முகம் குழிந்த ஒரு மணல் மட்டையை முந்தைய வருடம்தான் அமெரிக்க கோல்ஃப் சங்கம் தடை செய்திருந்தது. இதையும் பார்த்துத் தடுத்துவிட்டால்? பயிற்சியின்போது பைக்குள் தலைகீழாகச் செருகி வைத்தார். இரவில் கோட்டுக்குள் மறைத்து விடுதிக்கு எடுத்துப் போனார். போட்டி தொடங்கியபின் வெளியே எடுத்தார். 283 அடி, ஐந்து அடி வித்தியாசத்தில் பட்டம். அதே கோடையில் யு.எஸ். ஓப்பனும் அவருக்கே. இன்று உலகில் விற்கும் ஒவ்வொரு சாண்ட் வெட்ஜும் அந்தத் தச்சர் மகன் ஈயம் வைத்துத் தேய்த்ததன் வாரிசு.

*

மட்டை தீர்க்காத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. பலம் இல்லாதவன் என்ன செய்வது?

ஆர்கன்சாவைச் சேர்ந்த பால் ரன்யன் விவசாயக் குடும்பம், கேடியாகத் தொடங்கியவர். ஒல்லி, குட்டை. 1938 பி.ஜி.ஏ. இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் சாம் ஸ்னீட், அன்றைக்கு மிக நீளமாக அடிப்பவர்களில் ஒருவர். குழிக்குக் குழி ரன்யனின் பந்து வெகுதூரம் பின்னால் கிடந்தது. ஆனால் இறுதியில் பந்தைக் குழிக்குள் முதலில் முடித்தது ரன்யன்தான். 36 குழிகளுக்கான ஆட்டம் 29-ஆவது குழியிலேயே முடிந்தது. 'குட்டி விஷம்' என்று அவருக்குப் பட்டப்பெயர்.

அவருடைய வழி எளிமையானது. கிரீனில் உருட்டுவதுபோலவே மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல், அதே அடியை அடிப்பது. தூரத்துக்கு ஏற்ப மட்டையை மட்டும் மாற்றுவது. பயிற்சியாளர்கள் இந்த மாதிரி யோசனையை இன்று ஒரு வாய்ப்பாடாகவே சொல்லித் தருகிறார்கள். 12-இலிருந்து மட்டையின் எண்ணைக் கழி. 8-ஆம் எண் அயர்ன் என்றால் மிச்சம் 4. ஒரு பங்கு காற்றில், நான்கு பங்கு தரையில். கிரீனுக்குள் ஒரு கஜம் தள்ளி ஓர் இடத்தைக் குறிவைத்துப் பந்தை அங்கே போட்டால், மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும்.

அடி ஒன்று, மட்டை பல. ரன்யனின் பள்ளிக்கூடம் இது.

பாயெஸ்டெரோஸின் பள்ளிக்கூடம் நேர் எதிர். ஸ்பெயினின் வடகரையில் பெத்ரேன்யா என்ற கிராமம். பக்கத்தில் பணக்காரர்களின் கோல்ஃப் கிளப், கீழே கடற்கரை. அப்பா விவசாயி, அண்ணன்கள் கேடிகள். கேடிப் பையன்கள் மைதானத்தில் இஷ்டத்துக்கு ஆட முடியாது. செவே நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாக உள்ளே போவான். மற்ற நேரமெல்லாம் கடற்கரை. அண்ணன் மனுவேல் கொடுத்த 3-ஆம் எண் அயர்ன் ஒன்றுதான் கையில்.

அந்த மட்டை இந்த வேலைக்கு ஆனதே அல்ல. நீளமானது, முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், தாழ்வாகத் தூர அடிக்கச் செய்தது. அதை வைத்து பந்தை உயரத் தூக்க வேண்டுமானால் முகத்தைத் திறந்து படுக்கவைக்க வேண்டும், கையைத் தாழ்த்த வேண்டும், மணிக்கட்டைத் தளர்த்த வேண்டும். மணல் வேறு ஈவு இரக்கம் பார்க்காது. அரை அங்குலம் பின்னால் இறங்கினாலும் பந்து நகராது. சொல்லித் தர ஆள் வேண்டாம், மணலே சொல்லிவிடும். மட்டை ஒன்று, அடி பல. பர்க்டேலில் அந்தச் சந்து வேறு யாருக்கும் வழியாகத் தெரியாமல் போனதும் அவனுக்குத் தெரிந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பிறகு ஐந்து பெரிய பட்டங்கள், மூன்று ஓப்பன், இரண்டு மாஸ்டர்ஸ்.

*

இந்தக் கலை ஏழைகளுக்கு மட்டும் சொந்தம் என்று சொன்னால் அது பொய். ஃபில் மிக்கெல்சனுக்கு அவர் அப்பா சான் டியேகோ வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கிரீன் போட்டுக் கொடுத்தார். நாசாவில் இயற்பியலாளராக இருந்த டேவ் பெல்ஸ், ஆட்டக்காரர்களின் பிழைகளைக் குறித்துக் கணக்குப் போட்டு, டாம் கைட்டுக்கு 60 டிகிரி சாய்வுள்ள மூன்றாவது வெட்ஜ் ஒன்றைப் பரிந்துரைத்தார். 1981-இல் அமெரிக்கச் சுற்றில் அதிகப் பணம் ஜெயித்தவர் கைட். இன்று அனுமதித்த 14 மட்டைகளில் நான்கு வெட்ஜ் வைத்திருப்பது சாதாரணம். சிறுவன் செவே மணிக்கட்டால் செய்ததில் பெரும்பகுதியைக் கடையில் வாங்கலாம்.

ஆனால் எதைத் தேர்வது என்பதைக் கடையில் விற்பதில்லை. 2014 யு.எஸ். ஓப்பன் நடந்த பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் கிரீன்கள் கவிழ்த்த தட்டு மாதிரி. சுற்றிலும் ஒட்ட வெட்டிய புல். ஜெர்மானியர் மார்ட்டின் கைமர் வெட்ஜுகளைப் பைக்குள் விட்டுவிட்டு, கிரீனுக்கு வெளியிலிருந்தும் பட்டரால் உருட்டிக்கொண்டே இருந்தார். பார்க்க ஒன்றும் அழகில்லை. எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ராபர்ட்சன் பார்த்திருந்தால் இதில் என்ன அதிசயம் என்று கேட்டிருப்பார்.

சரி, இது உண்மையில் எவ்வளவு முக்கியம்? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ப்ராடி லட்சக்கணக்கான அடிகளை அலசிப் பார்த்தார். முதல் வரிசை ஆட்டக்காரர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் அனுகூலத்தில் கிரீனைச் சுற்றியுள்ள ஆட்டத்தின் பங்கு சுமார் 17 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு தூர அடிகளிலிருந்து வருகிறது. காலம் காலமாகச் சொல்லிவந்த "கடைசி முப்பது கஜம்தான் எல்லாம்" என்பதை எண்கள் மறுத்துவிட்டன.

செவேயின் கடைசிக் காலமே இதற்குச் சாட்சி. 1995 ரைடர் கோப்பையில் டாம் லேமனுக்கு எதிரான ஆட்டம். தூர அடி அவரை அறவே கைவிட்டிருந்தது. பந்து மரத்துக்குள், புதருக்குள் என்று போய்க்கொண்டே இருந்தது. அங்கிருந்து வந்து, சிப் பண்ணி, உருட்டி, பாதி ஆட்டம் வரை லேமனை விலகிப் போக விடவில்லை. கடைசியில் தோற்றார். 17 சதவீதத்தால் ஜெயிக்கவைக்க முடியவில்லை. ஆனால் தோற்க வேண்டிய ஒருவரை இரண்டு மணி நேரம் களத்தில் நிறுத்திவைத்தது.

அந்த 17 சதவீதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. தூர அடியைப் பழக இடமில்லாதவனுக்கு உள்ளே வர அது ஒன்றுதான் வழி. எஸ்.எஸ்.பி. சவுராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிக்கும் ஊழியர். பையன் அந்தப் புல்லில் கேடியாக நடந்து கற்றுக்கொண்டான். உயரம் குறைவு, தூரமும் குறைவு. 2008-இல், முட்புதர்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் டெல்லி கோல்ஃப் கிளப்பில், நீளமாக அடிப்பவர்களின் பலம் எடுபடாத அந்த மைதானத்தில், இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று ஐரோப்பியச் சுற்றுக்குள் நுழைந்தார். கூட ஆடியவர்கள் அவர் பெயரையே திருத்தி வைத்திருக்கிறார்கள்: சிப்-புட்-சியா.