பறி தைத்த கைகளும் கணிப்பொறியும்

நம் சமுதாயத்தார் தொழில்நுட்பம் அறியாதவர் என்று கூறுவோர் உண்டு. வரலாறு அதனை மறுக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் கவலை கட்டி நீர் இறைத்த காலத்தில், தோற்பறி தைத்துக் கொடுத்தவர் நம் முன்னோரே. அவர்தம் கைத்திறன் இன்றேல் கிணற்று நீர் வயலுக்கு ஏறியிராது.

1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின்னர் மின்சாரம் மெல்ல மெல்லச் சிற்றூர்களை எட்டியது. கிணறுதோறும் மோட்டார் வந்தது. பறிக்கு வேலை இல்லாது போயிற்று. மோட்டாரைப் பழுதுபார்க்கும் பயிற்சியோ பறி தைத்தவர்க்கு எளிதில் கிட்டவில்லை. கருவி மாறும்போது பயிற்சி பெறாதவன் பின்தள்ளப்படுகிறான் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1942 இல் வைசிராய் லின்லித்கோவிடம் அளித்த விண்ணப்பத்தில், அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி பெற்றாலன்றித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற இயலாது என்றும், அச்செலவை அரசே ஏற்றல் வேண்டும் என்றும் வாதிட்டார். 1944 இல் தொடங்கிய மத்திய அரசின் உதவித்தொகையே இன்றளவும் நம் கல்லூரி மாணவர்க்கு ஊன்றுகோலாக உள்ளது.

நம் பகுதியில் 1966 இல் சேலம் அரசு பொறியியல் கல்லூரியும், 1997 இல் பெரியார் பல்கலைக்கழகமும் தோன்றின. 2009 இல் ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டினுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2024 இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இவ்வாறு கல்லூரியின் கதவு திறந்தது. ஆயினும் சொந்தமாகக் கணிப்பொறி வாங்க வழியற்ற மாணவன், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிடைத்த சிறிது நேரத்தையே நம்பியிருந்தான்.

அக்குறையைப் போக்கும் வகையில் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கூலித் தொழிலாளியின் குடிசையிலும் கணிப்பொறி நுழைந்தது. எனினும் அதனை இயக்கக் கற்பிப்பார் இல்லாத வீடுகளில் அது திரைப்படம் காணும் பெட்டியாகவே முடிந்தது. அத்திட்டமும் சில ஆண்டுகளில் நின்றது. 2022 இல் பயிற்சியை முதன்மையாகக் கொண்டு ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. ஈராண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது. கருவி ஒரு காலத்திலும் பயிற்சி பிறிதொரு காலத்திலும் வந்ததால் இடையில் இழந்தவர் பலர். இனி இரண்டும் ஒருங்கே வருதல் வேண்டும்.

இளைஞர்களே! கருவியை அரசு தரலாம். திறனை எவரும் கையில் தந்துவிட இயலாது. கற்றவர் ஒருவர் தம் தெருவில் ஐவர்க்கேனும் மாலைதோறும் கற்பித்தல் வேண்டும். நம் சங்கமும் இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே அதற்கொரு கூடம் அமைத்தல் நன்று. பறி போனபோது நம் முன்னோர்க்கு வழிகாட்டுவார் இல்லை. இன்று நமக்குச் சட்டமும் உண்டு; சங்கமும் உண்டு. இனியும் பின்தங்கினால் அப்பழி நம்மையே சாரும்.