மூன்று குருக்கள் கடந்த வாசல்

1789-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், பிரான்சின் வெர்சாய் நகரில் பொதுமக்களின் பிரதிநிதிகள் கூடியிருந்த மண்டபத்தினுள் பங்குக் குருக்கள் மூவர் நுழைந்தனர். அவை கரவொலியால் அதிர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாஸ்தீல் சிறையும் கில்லட்டினுமே நம் நினைவுக்கு வருகின்றன. இம்மூவரை நாம் மறந்துவிடுகிறோம்.

அரசன் பதினாறாம் லூயி கூட்டிய பேரவையில் குருக்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று வகுப்பினர் இருந்தனர். பொதுமக்களின் பிரதிநிதிகள் ஏறத்தாழ 600 பேர். மற்ற வகுப்பினர் தலா 300 பேர். வகுப்புக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா என்பதே வழக்கு. ஆயர்கள் ஏறக்குறைய அனைவரும் பிரபு குலத்தினர். ஆனால் குருக்களின் பிரதிநிதிகளுள் பெரும்பாலோர் ஏழைகளோடு வாழ்ந்த பங்குக் குருக்கள். ஜூன் 19-இல் குருக்கள் வகுப்பு, மக்களோடு இணையச் சிறு பெரும்பான்மையால் முடிவு செய்தது. ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் நெறி வென்றது. ஆகஸ்டு 26-இல் மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது. இன்று நாம் வழங்கும் இடதுசாரி, வலதுசாரி என்னும் சொற்களும் அந்த அவையின் இருக்கை வரிசையிலிருந்து வந்தவையே.

ஆயினும், சமய நம்பிக்கைக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்று எழுதிய அதே சபை, மறு ஆண்டே திருச்சபையைத் தன் சட்டத்துக்குள் அடக்கி, குருக்களிடம் சத்தியப் பிரமாணம் கேட்டது. பங்குக் குருக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மறுத்தனர். பலர் நாடு கடந்தனர். பலர் உயிர் நீத்தனர். 1794 ஜூலை 17-இல் கொம்பியேஞ் நகரத்துக் கார்மேல் துறவியர் 16 பேர் பாரிசில் கொலைக்களம் ஏறினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார்.

இக்காயத்தால் திருச்சபை நெடுங்காலம் மக்களாட்சியை ஐயத்தோடு நோக்கியது. பழைய சலுகைகளின் மீதிருந்த பற்றும் அதற்கு ஒரு காரணம் என ஒப்புக்கொள்வதே நேர்மை. 1944-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புச் செய்தியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மக்களாட்சியைப் பரிவோடு எடுத்துரைத்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் சமயச் சுதந்திரத்தை மனித மாண்பின் உரிமையென அறிவித்தது.

எண்ணிக்கை ஆட்சியைத் தரலாம்; மனச்சான்றை ஆளும் உரிமையை அது தருவதில்லை. நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தைக் காப்பது இதனாலேயே. சிறுபான்மையினராகிய நாம் அந்தக் காவலை நமக்கு மட்டும் கேட்பது போதாது. நாம் பெரும்பான்மையாக இருக்கும் ஊரிலும் பங்குப் பேரவையிலும், ஒற்றைக் குரலாய் நிற்பவருக்கு அதை அளிக்கிறோமா?